பட்டா கையில் இருந்தால் மலையை வெட்டலாமா?

மலை நிலத்தில் மரம் வெட்டுவது, மண் எடுப்பது, சமப்படுத்துவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவை நீலகிரியிலிருந்து வந்தவை. மற்ற மலை வாசகர்கள் தங்கள் ஊர் மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட ஊரா என்பதை முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோத்தகிரி வாசகர்: 18 சென்ட் தேயிலை நிலம் வாங்கியிருக்கிறேன். பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. சரிவை வெட்டிச் சமப்படுத்தி வீடு கட்ட எண்ணம். நடுவில் ஏழு சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. “ஜேசிபி விட்டால் ஒரே நாள் வேலை” என்கிறார் மேஸ்திரி. தொடங்கலாமா?

இப்போது தொடங்கினால் அந்த ஒரு நாள் வேலைக்குள் மூன்று தனித்தனி அத்துமீறல்கள் அடங்கிவிடும். பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். அதில் நிற்கும் மரத்தை வெட்டவோ, சரிவைக் குடையவோ, இயந்திரம் இறக்கவோ அது அனுமதி ஆகாது.

முதலில் மரம். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, இனம், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுத்த சுற்றளவு, வெட்டுவதற்கான காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். பட்டா, சிட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, மரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று காட்டும் கைவரைபடம் ஒன்றையும் இணையுங்கள். வனத்துறையினர் வந்து பார்க்கும்போது மரத்தில் போட்ட எண்ணும் வரைபடத்து எண்ணும் பொருந்தாவிட்டால் கோப்பு அப்படியே நின்றுவிடும். அனுமதி வந்தபின் வெட்டிய மரத்தை வண்டியில் ஏற்றுவது வேறு விஷயம். 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளின்படி அதற்குத் தனிச்சீட்டு வேண்டுமா என்பதையும் அதே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஏழு மரத்தையும் கேட்காதீர்கள். வீடு விழும் இடத்தில் உள்ளவற்றை மட்டும் கேளுங்கள். கீழ்ச்சரிவில் நிற்பவைதான் நீங்கள் போடப்போகும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வேறு காரணத்தால் வீட்டு இடத்துக்கு வெளியே ஒன்றை வெட்ட நேர்ந்தாலும், அதன் அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம். வேர் மக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் புல்லும் புதரும் பிடித்துவிடும்.

அடுத்து இயந்திரம். நீலகிரியில் பொக்லைன், ஜேசிபி போன்றவற்றை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். வண்டிக்காரரிடம் அனுமதி இருப்பதாகச் சொன்னால், அது உங்கள் புல எண்ணுக்கு வாங்கியதா என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்கு வாங்கிய தாளைக் காட்டி வேலை செய்வது வழக்கமாக நடக்கும் தவறு. பிடிபட்டால் வண்டியோடு நில உரிமையாளர் பெயரும் பதிவாகும்.

மூன்றாவது, கட்டட அனுமதி. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள ஊர்களில், திட்டத்தின் அளவையும் இடத்தையும் பொறுத்து, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். உங்கள் வீட்டுக்கு எவை வேண்டும் என்பதை, வரைபடம் போடும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். மண்ணை வெட்டியபின் புவியியலாளர் வந்தால், அவர் பார்ப்பது இயற்கைச் சரிவை அல்ல, நீங்கள் உண்டாக்கிய செங்குத்துச் சுவரை. அதற்கு யாரும் நல்ல அறிக்கை தரமாட்டார்கள்.

இனி அளவுக்கு வருவோம். சரிவை அளக்க இரண்டு குச்சியும் தண்ணீர் நிரப்பிய டியூபும் போதும். கிடைமட்டமாக 10 மீட்டருக்கு நிலம் 2 மீட்டர் இறங்கினால் அது 20 சதவீதச் சரிவு. அதில் சரிவின் குறுக்கே 12 மீட்டரும் இறக்கத்தில் 10 மீட்டரும் உள்ள சமதளம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் மலையைக் குடைந்தே எடுத்தால் 120 கன மீட்டர் மண் வரும், பின்னால் 2 மீட்டர் செங்குத்து நிற்கும். மேல் பாதியை வெட்டிக் கீழ்ப் பாதியில் நிரப்பினால் வெட்டுவது 30 கன மீட்டர்தான், பின்சுவர் 1 மீட்டர். வேலை நாலில் ஒரு பங்கு. வெட்டிய மண் உதிர்ந்து கால் பங்கு பெருகும். ஆக முதல் வழியில் வெளியேற்ற வேண்டியது சுமார் 53 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இரண்டாவது வழியில் அநேகமாக ஒன்றுமில்லை.

ஆனால் நிரப்பிய மண்ணின்மேல் அஸ்திவாரம் போடாதீர்கள். அங்கே முற்றம், வண்டி நிறுத்துமிடம், தோட்டம் வரலாம். வீட்டின் தூண் நிரப்பு மண்ணைத் தாண்டி, அசையாத பழைய தரைக்குள் இறங்க வேண்டும். நிரப்பும் முன் மேல்மண்ணையும் வேரையும் 30 சென்டிமீட்டர் வழித்து ஒதுக்கி, அடித்தரையைப் படிபடியாகக் கொத்தி, 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். வழவழப்பான சரிவின்மேல் அப்படியே கொட்டினால் முதல் பெரிய மழையில் அது பாய் விரித்ததுபோல் வழுக்கி இறங்கும். நம்முடைய விருப்பத்தைக் கேட்டால், இரண்டுமே வேண்டாம். ஒரு மீட்டர் உயர வித்தியாசத்தில் இரண்டு தளமாக வீட்டை வரையச் சொல்லுங்கள். மண் வேலை இன்னும் பாதியாகும்.

வேலையை ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடியுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிலச்சரிவுகள் அந்த மழையில் நடந்தவை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் கணக்கு வேறு. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை.

அதே வாசகர்: மிஞ்சும் மண்ணைப் பக்கத்துக்காரர் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. நிலத்துக்குள்ளேயே வெட்டி நிரப்புவது வேறு, வண்டியில் ஏற்றி வெளியே அனுப்புவது வேறு. சாதாரண மண்ணும் சிறு கனிமம்தான். 1959-ஆம் ஆண்டு சிறுகனிமச் சலுகை விதிகள் அதற்கும் பொருந்தும். புவியியல் மற்றும் சுரங்கத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஒவ்வொரு நடைக்கும் நடைச்சீட்டு வைத்திருக்க வேண்டும். இதைவிட மோசம், இரவில் ஓடையில் தள்ளிவிடுவது. அடுத்த மழையில் அது கீழே உள்ள சிறுபாலத்தை அடைத்து, தண்ணீரைச் சாலைக்குத் திருப்பிவிடும்.

குன்னூர் வாசகர்: வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத் தடுப்புச்சுவர். சிமென்ட் வைத்துக் கட்டிய கருங்கல். கட்டி இரண்டு வருடம்தான் ஆகிறது. நடுவில் வயிறு தள்ளியதுபோல் உப்பியிருக்கிறது. பூசிவிட்டால் சரியாகுமா?

பூசினால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். சுவரைத் தள்ளுவது மண்ணைவிட, மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர். 3 மீட்டர் உயரத்துக்கு, காய்ந்த மண் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 2.7 டன் விசையோடு தள்ளும். அதே மண் உச்சிவரை நீர் நிரம்பினால் விசை 5.5 டன்னைத் தாண்டிவிடும், இரண்டு மடங்கு. மண்ணுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கட்டிய சுவர் மழையில் உப்புவது இதனால்தான். சிமென்ட் வைக்காமல் அடுக்கிய பழைய கல்சுவர்கள் பல பத்தாண்டு நிற்பதன் ரகசியமும் இதுதான். அவற்றின் உடம்பெல்லாம் துளை.

சுவருக்குக் கீழே நின்று பாருங்கள். நீர் வடியும் துளை இருக்கிறதா? 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய், குறுக்கிலும் நெடுக்கிலும் 1.5 மீட்டருக்கு ஒன்று, வரிசை மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்து இருக்க வேண்டும். குழாய் இருந்தும் மழை நாளில் சொட்டுக்கூட வரவில்லை என்றால் பின்பக்கம் அடைத்திருக்கிறது. சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு உடைகல்லைக் கையால் அடுக்கியிருக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வெட்டிய களிமண்ணையே பின்னால் தள்ளிவிடுவது இங்கே ஊரறிந்த வழக்கம்.

அடுத்து மேலே ஏறிப் பாருங்கள். மேல்வீட்டு செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி, தண்ணீர்த் தொட்டியின் வழிவு, கூரை நீர், துவைகல் தண்ணீர், இவற்றில் ஏதாவது சுவருக்குப் பின்னால் இறங்கினால் மழையில்லாத மாதத்திலும் சுவர் நீரைச் சுமந்துகொண்டு நிற்கும். முதல் வேலை அதைக் குழாய் வைத்துத் திருப்புவது. பிறகு சுவரின் தலையிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் மேலே, சரிவின் குறுக்கே, சிமென்ட் பூசிய வடிகால் ஒன்று வெட்டி, நீரை ஓரமாகக் கொண்டுபோய்ப் பொது வடிகாலில் விடுங்கள். பூசாத மண் வாய்க்கால் வேண்டாம். அது நீரைச் சுவருக்கே ஊட்டும்.

உப்பல் இன்னும் வளர்கிறதா என்று அறிய, விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமென்ட்டால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. அப்போது சுவருக்குக் கீழ் உள்ள அறையில் யாரும் படுக்க வேண்டாம். நகரவில்லை என்றால், வறண்ட மாதத்தில் பொறியாளர் பார்த்துச் சொன்னபடி அடிவரிசையிலிருந்து புதுத் துளைகள் போடலாம். துளையில் தேங்கிய நீர் பீய்ச்சி அடிக்கக்கூடும், நேர் எதிரே நிற்கக் கூடாது. நகர்கிற சுவரை, 2 அல்லது 3 மீட்டர் நீளமாகப் பகுதி பகுதியாக, மேலிருந்து கீழாகப் பிரித்துத் திரும்பக் கட்டுவதைத் தவிர வழியில்லை. திரும்பக் கட்டும்போது அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. 3 மீட்டர் சுவருக்கு ஒன்றரை மீட்டராவது வேண்டும். கற்களின் படுகை மலைப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். இடையிடையே சுவரின் முழு அகலத்தையும் ஊடுருவும் நீளக்கல் வைக்கச் சொல்லுங்கள்.

கேத்தி வாசகர்: கேரட் போட 25 சதவீதச் சரிவில் படிக்கட்டுப் பாத்தி அமைக்க விரும்புகிறேன். அகலம், உயரம் எவ்வளவு?

பாத்தியின் முகத்தை 45 பாகையில் சாய்த்து விடுவதாக இருந்தால் கணக்கு எளிது. அகலத்தைச் சரிவால் பெருக்கி, நூறிலிருந்து சரிவைக் கழித்து வருவதால் வகுங்கள். 3 மீட்டர் அகலப் பாத்திக்கு 3 × 25 ÷ 75, அதாவது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 1 மீட்டர் இறக்கம். அகலத்தை 5 மீட்டராக்கினால் இறக்கம் 1.67 மீட்டராகிவிடும். அந்த உயரத்துக்கு மண்முகம் தானாக நிற்காது. ஆகவே ஆசைப்படாமல் 3 மீட்டரோடு நில்லுங்கள். சரிவு 33 சதவீதத்தைத் தாண்டினால் காய்கறியை மறந்துவிட்டுத் தேயிலையோ மரமோ புல்லோ வையுங்கள்.

மழை அதிகமுள்ள இடத்தில் பாத்தி மலைப்பக்கம் சாய வேண்டும். 40-க்கு 1 என்றால் 3 மீட்டர் அகலத்துக்கு ஏழரை சென்டிமீட்டர். நீளவாக்கில் 120-க்கு 1 சாய்வு கொடுத்து, மலைப்பக்க ஓரத்துச் சிறு வாய்க்கால் வழியாக நீரை ஓரத்தில் உள்ள புல் பிடித்த வடிகாலுக்கு விடுங்கள். வடிகாலில் முதலில் புல் பிடிக்கட்டும், பாத்தி அதன்பிறகு. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் மழையில் வடிகால் ஆளுயரப் பள்ளமாகிறது.

மேல்மண் 20 சென்டிமீட்டரை வழித்து ஒருபுறம் குவித்துவைத்து, பாத்தி அமைந்தபின் திரும்பப் பரப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் பாத்தியின் உட்பாதியில் அடிமண் மேலே வந்து, கேரட் விரல் தடிமனுக்கு மேல் வராது. வெட்டும்போது செம்மண்ணுக்குக் கீழே வெளுத்த, கையில் மாவுபோல் ஒட்டும் மண் தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பாறை மக்கி உண்டான அந்தக் களி, நனைந்தால் சோப்பு. மேலே உள்ளதெல்லாம் அதன்மேல்தான் வழுக்குகிறது.

படி முகத்தில் வெட்டிவேரை 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு தூர் என்று நெருக்கி ஒரே வரியாக நடுங்கள். உறைபனி விழும் பள்ளத்தில் அது மெதுவாகத்தான் வரும். அங்கே உள்ளூர்ப் புல் கரணைகளையும் சேர்த்து வையுங்கள். வேர் அழுகும் என்று பயந்து நடவு வரிகளை மேலிருந்து கீழாக ஓட்டுவது நம் விவசாயிகளின் பழைய பழக்கம். படிக்கட்டுப் பாத்தியில் நீர் தானே வடியும் என்பதால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. வேளாண் பொறியியல் துறையிலும், 1954 முதல் ஊட்டியில் இயங்கும் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையத்திலும் இதைக் கேட்டுப் போடலாம். இதுவரை உழாத நிலமாக இருந்தால் ஒன்று மறக்க வேண்டாம். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மரத்துக்கு மட்டுமல்ல, மலையில் சாகுபடி செய்வதையும் ஒழுங்குபடுத்துவது. அதற்கும் குழுவிடம் போக வேண்டியிருக்கும்.

கொடைக்கானல் வாசகர்: எங்கள் பட்டா நிலத்தின் மூலையில் ஒரு சோலைக்காடு. அடியில் உள்ள புதரை மட்டும் ‘சுத்தம்’ செய்து, மரத்தைத் தொடாமல் குடில் போடலாமா?

வேண்டாம் என்பதே நம் பதில். காரணம் சட்டம் மட்டுமல்ல.

சோலை மரத்தின் கன்று வெயிலிலும் உறைபனியிலும் பிழைக்காது. தாய்மரத்தின் நிழலில், ஈரச் சருகில்தான் எழும்பும். நீங்கள் புதர் என்று சொல்வதில்தான் அடுத்த தலைமுறை நாவலும் காட்டுச் செண்பகமும் நிற்கின்றன. அதை வழித்தால் இன்றைக்கு மரம் நிற்கும், காற்று உள்ளே புகுந்து ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சாய்க்கும். சருகுப் படுகை போனால் கீழே உள்ள ஊற்று கோடையில் வற்றும். உங்கள் குடிலுக்கு அந்த ஊற்றுதானே தண்ணீர்?

சட்டமும் பல பக்கத்திலிருந்து வருகிறது. தொடர்ச்சியாக 2 ஹெக்டேருக்கு மேல் உள்ள தனியார் காடு என்றால் 1949-ஆம் ஆண்டின் தனியார் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன்படி மரம் வெட்டுவது மட்டுமல்ல, காட்டின் பயனைக் குறைக்கும் எந்தச் செயலுக்கும், அதை விற்கவும் குத்தகைக்கு விடவும்கூட, குழுவின் முன் அனுமதி வேண்டும். பரப்பு அதைவிடக் குறைவு என்று நிம்மதி அடைய முடியாது. 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் கோதாவர்மன் வழக்கில், யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்றது. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் பழைய பொருளையே பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வருகின்றன.

குடிலை நிலத்தின் திறந்த பகுதியில் வையுங்கள். சோலைக்கும் அதற்கும் இடையில் ஒரு துண்டு நிலத்தைப் புல்லாகவே விட்டுவிடுங்கள். இரவில் விளக்கு சோலைப் பக்கம் பார்க்க வேண்டாம்.

எமரால்டு வாசகர்: உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரமும் மண்டிக் கிடக்கின்றன. இவை அந்நிய இனங்கள்தானே, அனுமதி இல்லாமல் அகற்றலாமா?

உண்ணிச்செடி புதர், கையால் அகற்றத் தடையில்லை. மண்வெட்டியால் தரைக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில், வேரின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் துளிர்க்காது. தரைக்கு மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாக வரும். சீகை அந்நிய இனமானாலும் மரம்தான். பட்டா நிலத்தில் அதற்கும் குழுவின் அனுமதி வேண்டும். அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக்கொள்கை வகுத்திருக்கிறது, விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுங்கள். வெட்டிய இடத்தில் தீ வைக்கவே கூடாது. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், சூடு பட்டால் கும்பலாக முளைக்கும். மழை நாளில் கன்றுகளைக் கையால் பிடுங்குவதைத் தொடர்ந்து சில ஆண்டுகள் செய்தால்தான் அடங்கும். ஒரே தடவையில் முழுச் சரிவையும் மொட்டையாக்காமல், சரிவின் குறுக்கே பட்டை பட்டையாக எடுங்கள்.

கூடலூர் வாசகர்: மூன்று தலைமுறையாக அனுபவிக்கும் நிலம். 17-ஆம் பிரிவு என்கிறார்கள். மரம் வெட்ட விண்ணப்பிக்கலாமா?

ஜென்மம் என்ற பழைய பரம்பரை நில உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு நிலங்களின் உரிமை தீர்க்கப்படாமல் நிற்கிறது. உரிமை நிலைக்காத நிலத்துக்கு மர அனுமதியோ கட்டட அனுமதியோ எதிர்பார்க்க முடியாது. வீட்டின்மேல் சாயும் ஆபத்தான மரமாக இருந்தால் மட்டும், படத்தோடு கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மசினகுடி வாசகர்: யானைத் தொல்லை. சோலார் வேலி போடலாமா?

முதலில் புல எண்ணை வனத்துறையிடம் காட்டுங்கள். சீகூர் யானை வழித்தடத்துக்குள் வந்தால் வேலி என்ற பேச்சே இல்லை. வழித்தடத்தை அறிவித்த 2010-ஆம் ஆண்டு அரசாணையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. வழித்தடத்துக்கு வெளியே என்றாலும், காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புதிதாக மின்வேலி போட 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். பழைய வேலியையும் பதிவுசெய்ய வேண்டும். விட்டு விட்டுத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும், தரச்சான்று பெற்ற கருவி மட்டுமே பொருத்தலாம். வீட்டு மின்கம்பியிலிருந்து நேராக இழுத்தால் யானையும் சாகும், மாடு ஓட்டிவரும் பையனும் சாவான். கம்பியின் கீழ் புல்லை வாரம் ஒருமுறை வெட்டுங்கள். ஈரப்புல் பட்டால் மின்துடிப்பு பூமிக்குப் போய்விடும், யானை அதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும்.